குடை போன தூரம்

புத்தகத்தில் முதலில் மலை வருவதா, மனிதர் வருவதா என்கிற சண்டையிலேயே உமாசாரி கிராம சபைக்கு ஒரு மழைக்காலம் கழிந்துபோனது. மாவட்ட அலுவலகம் அனுப்பிய மாதிரியில் மக்கள்தொகைதான் முதல் அத்தியாயம். ஊர்க்காரர்களுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வீடு கட்டினால் மலைப்பக்கம் சாமி, கடல்பக்கம் அடுப்படி. படுத்தால் தலை மலைப்பக்கம். இன்னும் இருபது வருசத்துக்கு எந்த நிலத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சொல்லப்போகிற புத்தகம் மட்டும் தலைகீழாகப் படுக்கலாமா என்று கேட்டார்கள். கேட்பது நியாயம்தானே?

வர்சிகி அலுத்துக்கொள்ளவில்லை. கிராம அலுவலகத்தில் திட்டம் எழுதுகிற வேலை அவளுடையது. சபா மண்டபத்தின் தரையில் பாயை விரித்து, அத்தியாயங்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்துப் போட்டாள். மலைக்கோயில், ஊற்று, வாய்க்கால், வயல், வீடுகள், சந்தை, கடைசியில் சுடுகாடு என்று மலையிலிருந்து கடலுக்கு இறங்கினாள். மாவட்ட அலுவலகத்துக்கென்று மக்கள்தொகையை முன்னால் வைத்து இன்னொரு கட்டுப் போட்டாள். இரண்டு தரப்பும் வாயை மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் ஆளாளுக்கு வந்து குந்திக்கொண்டார்கள். இளவட்டங்களுக்குப் பட்டம் விடுகிற மைதானம் வரைபடத்தில் பச்சையாக இருக்க வேண்டும். சந்தைக்காரிகளுக்குப் பன்றி இறக்குகிற இடம் தங்கள் கடைக்கு எதிரே வரக்கூடாது. வாத்து மேய்க்கிற லோகா தினமும் வந்தான்.

"என் வாத்துக்கும் ஒரு பக்கம் போடும்மா வர்சிகி."

"வாத்துக்கு எதுக்கு அண்ணே பக்கம்?"

"அறுப்பு முடிஞ்சா எந்த வயலுக்கும் போகலாம்ங்கறது காலங்காலமா இருக்கு. எழுத்துல இல்லாட்டி நாளைக்கு ஒருத்தன் வேலி போட்டுருவான். வாத்து போய் வக்கீல் வைக்குமா?"

சிரித்துக்கொண்டே அவள் வாத்துக்கும் எழுதினாள். லோகாவின் வாத்துகளை ஊரே அறியும். ஒரு நீளக் கம்பின் நுனியில் வெள்ளைத் துணியைக் கட்டி எங்கே நட்டானோ அதைச் சுற்றித்தான் மேயும். கம்பு நகர்ந்தால் அதுகளும் நகரும். அவன் பெண்டாட்டிகூட அவன் சொன்னதை அப்படிக் கேட்டதில்லை.

எல்லா அத்தியாயமும் நிரம்பியது. முதல் அத்தியாயத்தில் மட்டும் ஒரு இடம் காலியாகவே கிடந்தது. மலைக்கோயிலைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்கு வயலைத் தவிர வேறெதுவும் கூடாது என்கிற இடம். சின்னக் கோயிலுக்குக் கல்லெறி தூரம், மலைக்கோயிலுக்குக் கண் போகிற தூரம் என்பது பெரியவர்கள் வைத்த கணக்கு. கண் போகிற தூரம் என்றால் எத்தனை மீட்டர்? பக்கத்து ஊர்களில் மண்டபத்தில் உட்கார்ந்தபடியே ஒரு எண்ணைப் போட்டு முடித்தார்கள். உமாசாரியில் அது நடக்குமா? கோயில் பூசாரி வாசலில் நின்று பார்க்கட்டும், அவர் கண் எங்கே நிற்கிறதோ அங்கே முளை அடிப்போம் என்று சபை முடிவெடுத்தது. நான்காம் மாதத்துப் பௌர்ணமியன்று காலையில் பார்வை. பூக்களெல்லாம் ஒரேயடியாக மலர்கிற மாதம் அது, நல்ல மாதம்.

பூசாரி வர்சிகியின் மாமனார். பூசாரிக்கு உரிய மரியாதைப் பெயரால், ஜெரோ மங்கு என்றுதான் ஊரில் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருடைய இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதிரே நிற்கிற ஆள் ஆணா பெண்ணா என்பதே குரலை வைத்துத்தான் என்கிற நிலைமைக்கு வந்திருந்தார். வீட்டு ஆட்களையும் சுகாதார நிலையத்து நர்ஸையும் தவிர இது ஊரில் யாருக்கும் தெரியாது. கோயிலில் அவருக்குக் கண்ணே தேவைப்படவில்லை. எத்தனை படி, எந்தப் பீடத்தில் எந்தத் தட்டு, தீர்த்தம் எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு விழும் என்பதெல்லாம் கைக்கும் காலுக்கும் மனப்பாடம். வீட்டுக்கு வந்தால்தான் கோழிமேல் கால் வைப்பார்.

அவர்களுக்குக் கடல்பக்கத்தில் ஒரு வயல் இருந்தது. கோயிலிலிருந்து பார்த்தால் மூங்கில் தோப்பு, அதைத் தாண்டி வாய்க்கால், அதையும் தாண்டி அந்த வயல். வர்சிகியின் உயிர் அந்த வயலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் புருசன் சுமெர்த்தா உல்லாசக் கப்பலில் அறை துடைக்கிற வேலையில் இருந்தான். கல்யாணமான நாளிலிருந்து வருசத்தில் இரண்டு மாதம்தான் அவன் வீட்டு ஆள். மீதி நாளெல்லாம் போன் முகம். பௌர்ணமி முடிவானதும் அவன் சொன்னான்: "எல்லை நம்ம வயலுக்கு முன்னாடி நின்னுட்டா இதுதான் என் கடைசிக் கப்பல் வர்சிகி. வயல்ல நாலு ரூம் கட்டுவோம். வர்றவங்களுக்கு நீ காப்பி போடு, நான் படுக்கை போடறேன். நம்ம வீட்டுப் படுக்கை."

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. வரைபடத்துக்கு வண்ணம் பூசும்போது அந்த வயலின்மேல் தூரிகை தானாகத் தயங்கும். நெல் பழுத்து நின்ற அந்தச் சரிவில் அவளுக்கு மட்டும் ஒரு கூரை தெரியும், வாசலில் அவன் செருப்பு தெரியும். ஆசைதான், வேறென்ன?

அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு நின்று வெகுகாலம் ஆகிறது. மகன் முதல் கப்பலுக்குக் கிளம்பிய அன்று ஜெரோ மங்கு, "பூசாரி மகன் ஊரான் படுக்கையை உதறப் போறானா?" என்று கேட்டுவிட்டார். "உங்க மணியை ஆட்டினா சோறு வருமா?" என்று இவனும் கேட்டுவிட்டான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் வர்சிகிதான் தபால்காரி. "சாப்பிட்டானான்னு கேளு" என்பார் அவர். "சாப்பிட்டாரான்னு கேளு" என்பான் இவன். இருவரும் சாப்பிட்டதாக அவளே சொல்லிவிடுவாள்.

பௌர்ணமிக்குச் சில நாள் முன்பு ஒரு காலை. அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய பனி இன்னும் முற்றத்தை விட்டுப் போகவில்லை. மாமியார் தென்னங்குருத்தில் படையல் தட்டு பின்னிக்கொண்டிருந்தாள். ஜெரோ மங்கு பக்கத்தில் உட்கார்ந்து, மோந்து மோந்து பூவைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வர்சிகியின் போன் அடித்தது. சுகாதார நிலையத்து நர்ஸ்.

"அக்கா, உங்க மாமனாருக்கு இலவசக் கண் ஆபரேஷன் முகாம்ல இடம் கிடைச்சிருக்கு. வர்ற புதன்கிழமை. வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க. மறுநாளே பளிச்சுன்னு தெரியும்."

புதன்கிழமை என்றால் பௌர்ணமிக்கு முன்பு. வர்சிகி அடுப்படிக்குள் போய்க் கதவை ஒட்டி நின்றாள். புரைக் கண்ணோடு அவர் நின்றால் கோயில் படியைத் தாண்டிப் பார்வை போகாது. முளை மூங்கில் தோப்புக்கு இந்தப் பக்கமே விழும். கண் பளிச்சென்று ஆனால்? சரிவு முழுக்கத் தெரியும், வயல் உள்ளே போய்விடும். அப்புறம் கப்பல், கப்பல், கப்பல்.

"இந்தத் தடவை வேணாம்மா," என்றாள் மெல்ல. "கோயில்ல வேலை இருக்கு. அடுத்த முகாமுக்கு எழுதிக்கோங்க."

கிழங்கை இறக்கித் தேங்காய்ப்பூவும் பனைவெல்லமும் தூவி மாமனார் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"யாரும்மா போன்ல?"

"ஆபீஸ்ல இருந்து மாமா. வரைபடம் பத்தி."

"ம்," என்றார் அவர். கிழங்கை ஊதிக்கொண்டே, "நல்லா வெந்திருக்கு," என்றார்.

மாமியார் அவளை ஒரு பார்வை பார்த்தாள். "இந்த மனுசனை எப்படிம்மா அங்க நிறுத்தப் போறோம்? நேத்து என்னைப் பார்த்து 'யாரு வீட்டம்மா நீங்க'ன்னு கேட்டாரு."

"வெளையாட்டுக்குக் கேட்டேண்டி," என்றார் கிழவர்.

"நாப்பது வருசமா இதே வெளையாட்டுதான்."

கிராமத் தலைவர் கொம்பியாங்குக்கும் கடல்பக்கம் நிலம் இருந்தது. அவர் அன்று மத்தியானம் அலுவலகத்தில் வர்சிகியின் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஜெரோவுக்கு வயசாச்சுல்ல. ரொம்ப நேரம் நிக்க விடாதே. சும்மா ரெண்டு தடவை பார்த்தா போதும். கொஞ்சமாப் பார்த்தாலும் பக்தியாப் பார்த்தா சரிதான்."

"அவர் கண்ணு தலைவரே. நான் என்ன சொல்ல முடியும்?"

"நான் என்ன சொல்லச் சொன்னேன்? நான் ஒண்ணுமே சொல்லலையே. நீ பாட்டுக்கு ஏதாவது எழுதிராதே!" என்று கையை உதறிக்கொண்டு போனார்.

பௌர்ணமி விடிந்தது. ஊர் முழுக்கச் செண்பக வாசனை. வெள்ளைச் சட்டையும் இடுப்பில் மஞ்சள் துண்டுமாக எல்லோரும் கோயில் வெளிமுற்றத்தில் கூடியிருந்தார்கள். சுற்றுமதில் உயரம். உள்ளே நிற்கிறவர்களுக்கு வயல் தெரியாது. வாசல் உச்சிப்படியில் நின்றால் மட்டும் சரிவு முழுவதும் காலடியில் கிடக்கும். அந்தப் படியில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். ஒருவர் பூசாரி. கூட நிற்க வேண்டியவள் அவர் மனைவி. மாமியாருக்கு முழங்கால் மடங்கவில்லை. அதனால் வர்சிகி ஏறினாள். மாமனாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏற்பாடு இதுதான். கோயிலின் மஞ்சள் குடையைப் பிடித்துக்கொண்டு லோகா சரிவில் இறங்குவான். ஒவ்வொரு வரப்பிலும் நின்று குடையைத் தூக்குவான். தெரிந்தால் பூசாரி மணி ஆட்டுவார். மணி கேட்டதும் மரத்தில் தொங்குகிற முரசை ஒருவன் அடிப்பான். முரசு கேட்டால் லோகா அடுத்த வரப்புக்கு நடப்பான். கேட்காவிட்டால் அங்கேயே முளை.

லோகா கிளம்பினான். அவன் வாத்துகள் எங்கிருந்தோ பார்த்துவிட்டன. கம்பு போகிறது, நுனியில் துணியும் இருக்கிறது, அதுகளுக்கு அது போதும். வேலியில் புகுந்து ஓடிவந்து வரிசையாகப் பின்னால் சேர்ந்துகொண்டன. லோகா திரும்பித் திரும்பி விரட்டினான். ஒன்றும் போகவில்லை. மஞ்சள் குடை முன்னால், வாத்துக் கூட்டம் பின்னால், பழுத்த நெல்லுக்கு நடுவே ஒரு கல்யாண ஊர்வலம் போல இறங்கியது.

முதல் வரப்பு. குடை உயர்ந்தது. மணி ஒலித்தது.

இரண்டாவது வரப்பு. மணி ஒலித்தது. வர்சிகி மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். அவர் முகம் குடை இருந்த பக்கமே இல்லை. அதற்கு வெகு தூரம் தள்ளி, இலவமரத்தின் பக்கம் திரும்பியிருந்தது. சாம்பல் பூத்த கண்ணில் காலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. இமைக்கவேயில்லை.

மூங்கில் தோப்பு வந்தது. இங்கே நின்றுவிடும், இங்கேதான் என்று அவள் மூச்சைப் பிடித்தாள். குடை தோப்பின் ஓரமாய்ச் சுற்றி மறுபக்கம் வெளியே வந்து உயர்ந்தது. மணி ஒலித்தது. முரசு அதிர்ந்தது. வாய்க்கால். வாத்துகள் தண்ணீரில் இறங்கி, நீந்தி, ஏறி, உதறிக்கொண்டன. மணி ஒலித்தது.

என்ன இது? ஏன் இப்படி ஆட்டுகிறார்? ஊருக்கு முன்னால் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமா? லோகா அவளுடைய வயலின் வரப்பில் கால் வைத்தான். அவள் கூரை கட்டியிருந்த இடத்தில், செருப்பு விட்டிருந்த இடத்தில் வாத்துகள் கூட்டமாய் நடந்தன. நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் கிழவர் குருடர் என்று ஊரறிய ஆகிவிடும். அவள் உதட்டைக் கடித்தாள். மணி ஒலித்தது. குடை அந்தப் பக்கத்து வரப்பில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது.

போயிற்று. எல்லாம் போயிற்று. கண்ணீர் முட்டி, சரிவும் வானமும் குடையும் அவளுக்கு ஒன்றாய்க் கலங்கின. மணியும் முரசும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. பனி மெல்ல விலகி, கீழே தேங்கிய தண்ணீரெல்லாம் துண்டு துண்டாய் மின்னியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. முற்றத்தில் சலசலப்புக் கேட்டது. "இன்னுமா தெரியுது?" என்று யாரோ வாய்விட்டுக் கேட்டார்கள். கொம்பியாங்கின் செருமல் நன்றாகவே கேட்டது.

வர்சிகி மாமனாரின் காதருகே குனிந்தாள். "மாமா, குடை எங்க இருக்குன்னு தெரியுதா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" அவரும் உதடு அசையாமல் சொன்னார். "நீதானே சொல்லணும்."

"நானா?"

"வயலுக்கு முன்னாடி நீ என் கையை ஒரு அழுத்து அழுத்துவேன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். நீ அழுத்தவே மாட்டேங்கறியே. இன்னுமா அங்க போய்ச் சேரல அந்த லோகா?"

அவள் சட்டென்று அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"முகாம் வேணாம்னு நீ நர்ஸ்கிட்ட சொன்னதைக் கேட்டேன்," என்றார். "கண்ணு போனா காதும் போயிடுமா? புள்ள வரணும்னு நெனைக்கறே. எனக்கு மட்டும் வேண்டாமா? வாசல்ல நின்னு பொய் மணி ஆட்டறேன்னு சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீ அழுத்து."

"மாமா..." என்றாள். "வயலைத் தாண்டிப் போயிட்டான் மாமா. எப்பவோ தாண்டிட்டான்."

மணி அவர் கையில் அப்படியே நின்றது. முரசுக்காரன் கீழேயிருந்து எட்டிப் பார்த்தான். கிழவர் ஒரு மூச்சு விட்டு மறுபடியும் ஆட்டினார்.

"கெட்டுப்போகல," என்றார். "எனக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லிடறேன். இதுவரைக்கும் ஆட்டினதெல்லாம் சும்மான்னு சொல்லிடறேன். வேற ஆளை நிறுத்தி மறுபடி பார்க்கட்டும்."

"உங்களை மணியைத் தொட விட மாட்டாங்களே."

"விட வேண்டாம். உன் மாமியாருக்குப் பூப் பிரிச்சுக் குடுக்கறேன்."

அவர் உண்மையாகவே சொன்னார். அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. மகன் பேரைச் சொல்லக்கூட வாய் வராத மனிதர், அவனுக்காக ஊருக்கு முன்னால் பொய்யர் ஆகத் தயாராய் நிற்கிறார். ஒரு 'ஆகட்டும்' சொன்னால் போதும், அவள் கூரை திரும்பக் கிடைத்துவிடும்.

"வேணாம் மாமா," என்றாள். "நீங்க ஆட்டுங்க. நான் பார்க்கறேன்."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பார்த்தாள். அதுவரை அழுதுகொண்டிருந்தாளே தவிரப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். படிப்படியாய்க் கடல்வரை இறங்குகிற நெல், நடுவே குடை. வாத்துகள் ஒரு வெள்ளைக் கோடாகி, அப்புறம் தெரியாமல் போயின. குடை ஒரு மாம்பழ அளவானது. எலுமிச்சை அளவானது. ஆற்றுக்கு இந்தக் கரையில், தென்னை வரிசையின் அடியில், ஒரு மஞ்சள் பொட்டாக அது கடைசியாக உயர்ந்தது. அடுத்த வரப்பில் அவள் தேடினாள். இல்லை. இன்னொரு முறை தேடினாள். நிஜமாகவே இல்லை.

அவள் கையை அழுத்தினாள். மணி நின்றது.

"ஆத்தங்கரை," என்று வர்சிகி முற்றத்தைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம், "ஆத்தங்கரை வரைக்குமா!" என்று ஒரு பெண் கத்தினாள். எல்லோரும் கைகூப்பினார்கள். கொம்பியாங் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த வயசுல இப்படிக் கண்ணா ஜெரோ?" என்றார் கீழே இறங்கி வந்தவரிடம், அழாக்குறையாக.

"சாமி புண்ணியம்," என்றார் ஜெரோ மங்கு, தூணைப் பார்த்து.

நல்லவேளை, கொம்பியாங் தூணுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

மத்தியானம் வர்சிகி மண்டபத்தில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தின் காலி இடத்தை நிரப்பினாள். வரைபடத்தில் மலைக்கோயிலிலிருந்து ஆற்றங்கரைவரை, தன் வயலையும் சேர்த்து, நெல்லின் பச்சையைப் பூசினாள். தூரிகை இந்த முறை தயங்கவில்லை. மனசுதான் வெறிச்சென்று கிடந்தது. கட்டுகளை மலையிலிருந்து கடலுக்கு அடுக்கிக் கயிறு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

முற்றத்து மேடையில் சாயங்கால வெயில். மாமியார் பலாக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கிழவர் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டியிருந்தார். போன் அடித்தது. சுமெர்த்தாவின் முகம். பின்னால் ஒரு வட்ட ஜன்னலும் அதில் தண்ணீரும்.

"என்னாச்சு?"

"ஆத்தங்கரையில நின்னுச்சு," என்றாள்.

கப்பலின் எந்திர இரைச்சல் மட்டும் வந்தது. "அவ்வளவு தூரமா," என்றான் பிறகு. "அவருக்குக் கண்ணே தெரியாதுன்னியே. வீம்புக்குத்தானே ஆட்டினார்? நான் வரக்கூடாதுன்னுதானே?"

"இல்லைங்க." அவள் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். முகாமை வேண்டாம் என்றதையும், அவர் அது தெரிந்தே படியேறியதையும், கை அழுத்தலையும், கடைசியில் அவர் கேட்டதையும் சொன்னாள். மறைக்கவில்லை. மேடையில் கிழவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாமியாரின் கத்தி நின்றுபோயிருந்தது.

"எனக்காகவா?" என்றான் சுமெர்த்தா. "அவரா?" அப்புறம், "போனை அவர்கிட்ட குடு," என்றான்.

வர்சிகி கொடுத்தாள். கிழவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டார். திரையில் மகன் முகம் அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் வைத்த வார்த்தை எங்கே கிடக்கிறது என்று இருவரும் தேடுகிற மாதிரி இருந்தது.

"சாப்பிட்டியா?" என்றார் ஜெரோ மங்கு.

"சாப்பிட்டேம்ப்பா."

"கடல்பக்க வயல் பழுத்து நிக்குது. லோகாவும் அவன் வாத்தும் பாதியை மிதிச்சுட்டுப் போயிட்டானுங்க. அறுக்க ஆள் இல்ல."

"ம்."

"அங்க இனிமே ரூம் கீம் ஒண்ணும் கட்ட முடியாது. எழுதியாச்சு. உன் பொண்டாட்டியே எழுதிட்டா." போனை மறு காதுக்கு மாற்றினார். "எனக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணப் போறாங்களாம். கட்டு அவிழ்க்கும்போது எதிர்ல யாராவது நிக்கணும்ல. உங்கம்மா நின்னா யாரு வீட்டம்மான்னு கேட்டுருவேன்."

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எப்பப்பா ஆபரேஷன்?"

கிழவர் முகத்தை வர்சிகி பக்கம் திருப்பினார். இந்த முறை சரியாக அவள் இருந்த பக்கமே திரும்பினார். "எப்பம்மா?"

அவள் போனை வாங்கி நேராகப் பிடித்தாள். அடுத்த முகாம் எப்போது என்று அவளுக்கே தெரியாது. அவன் முகத்தைப் பார்த்தாள். கூரையும் இல்லை, அறையும் இல்லை, அவன் மட்டும் இருந்தான்.

"நீங்க எப்ப வர்றீங்களோ அப்ப," என்றாள்.